காப்பகத்துக்கு முன்னால் ஒரு வீடு



தம் துணைவியாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அழைப்புச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது அவர் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "புத்தகத்துல இருக்குறத நாங்க படிச்சுக்கிறோம்மா. நீங்க பாத்ததச் சொல்லுங்க." முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் குழந்தைகளுக்காக அலைந்தவள் நான். ஆகவே பார்த்ததைச் சொல்கிறேன். பார்த்தது விளங்குவதற்கு எந்தப் புத்தகம் உதவியதோ அதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். அதற்கு ஐயா அனுமதி தர வேண்டும்.

இந்த ஊரில் குழந்தைகளைப் பற்றிப் பேச எழுந்தால் முதலில் ஒரு பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. 1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி, அம்மா சந்திரம்மாள். அம்மாவின் குடும்பம் கோயில் தொண்டோடு பிணைக்கப்பட்ட இசைக் குடும்பம். சாதி விட்டுச் செய்த மணம் என்பதால் அப்பாவை அவருடைய உறவு தள்ளி வைத்தது. பெண் மெட்ரிகுலேஷன் தேறினாள். கல்லூரியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். மாமன்னர் கல்லூரி இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரந்தான். மூடிய வண்டியில் போய் இறங்கி, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் கேட்டது அந்தப் பெண். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது, 1912-இல் டாக்டராக வெளியே வந்தது, 1927-இல் சென்னைச் சட்ட மேலவைக்குப் போய் அதன் துணைத் தலைவரானது, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் இருப்பதால், பேறுகாலத்துக்குப் பணம் வாங்கப் போகிற ஒவ்வொரு பெண்ணும் "முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துருச்சா" என்றுதான் செவிலியரைக் கேட்கிறாள். ஒரு மனுஷியை ஒரு நாடு நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் பேச வந்தது அவர் செய்த இரண்டு காரியங்களைப் பற்றி. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை.

தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 1930 வாக்கில், பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் குடும்பங்களைச் சேர்ந்த சில சிறுமிகள், நாமக்கல் பக்கத்திலிருந்து தப்பி வந்து சென்னையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்ன குலத்துப் பிள்ளைகள் என்பதே காரணம். தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். பின்னால் அது அடையாறுக்குப் போனது, பள்ளிக்கூடமும் சேர்ந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவர் பிறந்த அதே 1886-இல் பிறந்த இன்னொருவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் இளம் விதவைகளான சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்ததில்தான் தொடங்கினார். தமிழ்நாட்டில் குழந்தைகள் காப்பகத்தின் கதை இப்படித்தான் ஆரம்பமாகிறது. ஊர் கதவை அடைத்தது, ஒருவர் திறந்தார்.

பேசப்படாத காரியம் இதற்கு ஒரு வருடம் முந்தியது. கோயில் தொண்டு செய்த குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. தொண்டு நின்றால் நிலம் கைவிட்டுப் போகும். நிலம் நிற்க வேண்டுமென்றால் தலைமுறைக்கு ஒரு பெண் குழந்தைக்காவது பொட்டுக் கட்ட வேண்டும். பாட்டி அழுதுகொண்டேதான் பேத்தியைக் கூட்டிப்போவாள். கூட்டிப்போகாவிட்டால் வீட்டில் மற்ற ஐந்து பேருக்குச் சோறில்லை. முத்துலட்சுமி அம்மையார் இந்த முடிச்சைக் கண்டார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, அந்த நிலத்தைத் தொண்டிலிருந்து விடுவித்தார். பொட்டுக் கட்டாவிட்டாலும் நிலம் குடும்பத்துக்கே. அதற்குப் பிறகுதான் 1930-இல் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை வைத்தார். அது சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிலம், பிறகு தடை. குழந்தையை எந்தக் கயிறு இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்த்து, அந்தக் கயிற்றின் வீட்டு முனையை அறுத்தார். அறுக்க முடியாமல் வெளியே வந்துவிட்ட பிள்ளைகளுக்கு இல்லம் வைத்தார். இந்த இரண்டாவது வேலையைப் படித்துக்கொண்ட நாம் முதல் வேலையை மறந்துவிட்டோம் என்பதுதான் முப்பது வருட அலைச்சலில் என் மனதில் தங்கிய ஆதங்கம். இன்றைக்கு அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது சைக்கிளில். 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இயக்கமே சொன்னது. வாடகைச் சைக்கிள் எடுத்து, பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, பின்னால் ஒருத்தி பிடிக்க, முட்டியெல்லாம் சிராய்த்துக் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் நானும் ஒருத்தி. அந்தக் கதையைப் பி.சாய்நாத் எழுதி நாடு முழுவதும் படித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கோடு ஊருக்குள் போவோம். பெண்கள் கல் உடைத்த கையோடு, களையெடுத்த கையோடு வந்து உட்காருவார்கள். குடுமியான்மலைப் பக்கம் ஒப்பந்தக்காரரிடம் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்த காலம் அது. பிற்பாடு அந்தக் குத்தகை மெல்ல மெல்லக் கை மாறிப்போனது வேறு கதை. ஆனால் அந்தக் கொஞ்ச காலத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன். கூலி நேராக அம்மா கைக்கு வந்த வீட்டில் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கினார்கள். அதுவரைக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாததற்கு அறியாமை என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

அறிவொளி வகுப்பில் ஒரு பெண் இருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், ஊரையும் சொல்ல மாட்டேன். மாவட்டத்தின் மேற்கே ஒரு மானாவாரிக் கிராமம் என்பது போதும். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். 'அ' போடவே பத்து நாள் ஆனது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். அவரை இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் மறுபடி பார்த்தேன். அவர் வாசலில் நின்று நான், "பேரன் எங்கே அப்பத்தா?" என்று கேட்க வேண்டி வந்தது.

கதையை முன்னாலிருந்து சொல்கிறேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஓர் அழைப்பு. டீக்கடை வைத்திருக்கிற ஒருவர். "ஆட்டுக்கிடையில ஒரு பய இருக்கான். பன்னெண்டு வயசு இருக்கும். கால்ல சீழ் வச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். இடம் பக்கத்து மாவட்டம். எங்கள் தொண்டு அமைப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர், காவலர் ஒருவர், நான். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

கிடை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அறுவடை முடிந்த வயலில் இரவு முழுக்க ஆட்டை அடைத்துப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரர் அதற்குக் காசு கொடுப்பார். ஆட்டை ஓட்டிக்கொண்டு கிழக்கே மாதக்கணக்கில் போகிறவர் கீதாரி. அவர் பிழைப்பும் வெயிலிலும் மழையிலும் கழிகிற பிழைப்புத்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மந்தைக்குப் பின்னால் நடக்க, ராத்திரி நாய்க்கும் நரிக்கும் காவல் இருக்க, குட்டிகளைக் கூடையில் அடைத்துத் தூக்கிப் போக ஒரு சின்ன ஆள் வேண்டும். பெரிய ஆளுக்குக் கூலி கட்டுப்படியாகாது. சின்ன ஆளுக்கு வீட்டில் முன்பணம் கொடுத்தால் போதும்.

பையன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். கையில் அவனைவிட உயரமான தொரட்டி. பக்கத்தில் ஒரு தூக்குவாளி, ஒரு பழைய பெட்ஷீட். கணுக்காலில் முள் ஏறிப் பழுத்திருந்தது. நான் பக்கத்தில் குந்தியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "குட்டிய யாரு பாத்துக்குவா?" எந்தக் குட்டி என்றேன். கூடைக்குள் பிறந்து மூன்று நாளான குட்டி ஒன்று இருந்தது. அதை அவன்தான் ஈத்தெடுத்திருக்கிறான். இரண்டாவது கேள்வி வண்டியில் ஏறிய பிறகு வந்தது. "பதினஞ்சாயிரம் குடுத்துருக்காங்க அப்பத்தாட்ட. அத யாரு திருப்பிக் குடுப்பா?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் விலை தெரிந்திருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

சட்டம் எங்களுக்குத் துணையாகத்தான் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்தது. கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று கொடுத்த நிமிடமே அந்தக் கடன் செல்லாது. 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டப்படி மீட்கப்பட்ட குழந்தைக்கு இரண்டு லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் முழுத் தொகை வழக்கில் தண்டனை உறுதியான பிறகுதான், அதற்கு முன் உடனடி உதவியாக ஒரு சிறு பங்கு. இளைஞர் நீதிச் சட்டப்படி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்தினோம். காலுக்கு மருந்து போட்டாயிற்று. அடுத்து என்ன?

இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. சுலபமான வழி ஒன்று எப்போதும் திறந்தே இருக்கிறது. காப்பகத்தில் சேர்த்துவிடலாம். சாப்பாடு, படுக்கை, பள்ளிக்கூடம், எல்லாம் ஒரே இடத்தில். கோப்பும் மூடிவிடும். பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன். எத்தனை பிள்ளைகளை நல்லெண்ணத்தோடு கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் ஒரு பெரிய கேட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது நெஞ்சு அடைக்கிறது. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். உலகம் முழுக்கவே இப்படித்தான். குழந்தைகள் அமைப்பான சேவ் தி சில்ட்ரன் 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருப்பதாகச் சொன்னது. பெற்றவர்கள் இருந்தும் பிள்ளை காப்பகத்தில் இருக்கிறது என்றால் அந்த வீட்டில் இல்லாமல் போனது அன்பு என்று எண்ணிவிடக் கூடாது. அரிசி, வாடகை, மருந்து, குடிக்காத ஓர் ஆண், இதில் ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கும்.

ருமேனியா நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் பாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள். காப்பகங்களில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகள். சீட்டுப் போட்டு எடுத்ததுபோல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் அங்கேயே வளர்ந்தார்கள். வீட்டுக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும், ஒட்டி உறவாடும் தன்மையும் தெளிவாக மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. காப்பகத்தில் அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்பது இல்லை விஷயம். ஷிப்ட் மாறும் கைகளில் குழந்தைக்குத் தன்னுடையது என்று ஒரு முகம் இல்லை. நம் ஊர்த் தாய்மார்கள் இதற்கு ஆய்வு கேட்க மாட்டார்கள். "முகம் பழகணும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று, காப்பகத்தில் சேர்ப்பது எல்லா வழியையும் பார்த்த பிறகான கடைசி வழி என்பது. எழுதியிருப்பது கடைசி வழி. நடப்பது முதல் வழி.

நலக் குழுவில் அன்று இருந்த அம்மையார் ஒருவர் பையனைப் பார்த்து, "உனக்கு எங்கப்பா போகணும்?" என்று கேட்டார். அவன் தலையைத் தூக்காமல், "தங்கச்சி தனியா இருக்கும்" என்றான். சரி, வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், சமூக விசாரணை அறிக்கை வேண்டும் என்றார்கள். அப்படித்தான் நான் அந்த வாசலில் போய் நின்றேன்.

என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. நான் எதற்கு வந்தேன் என்று புரிந்ததும் அப்படியே வற்றியது. திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்னத்தச் சொல்ல தாயி. அங்கனயாச்சும் மூணு வேளை கஞ்சி ஊத்துவாகன்னுதான் விட்டேன். வித்துட்டேன்னு சொல்றாக ஊருல. நான் விக்கல தாயி."

மகன் கேரளத்தில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். மேஸ்திரி வண்டி வைத்து உடலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். எடுத்த கையோடு பதினாறு நாள் காரியம், வாங்கிய கடன். மருமகள் ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டு வேறிடத்தில் வாழப் போய்விட்டாள். அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன், சின்ன வயது. கிழவிக்கு நூறு நாள் வேலை, அதுவும் கிடைக்கிற நாளில். ரேஷன் அரிசி. பேத்தி ஐந்தாம் வகுப்பு. கடன்காரன் வாசலில் வந்து நின்ற அன்று, ஊரில் தெரிந்தவர் ஒருவர் கீதாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்த மாவட்டத்தில் பதின்மூன்று ஒன்றியங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இந்தக் கதைக்கு ஒரு வேஷம். கிழக்கே கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் அப்பா இருக்கிற வீடு. வேறொரு பக்கம் மில் ஏஜெண்டு வந்து, மூன்று வருடம் நூற்பாலை விடுதியில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண் பிள்ளையை வண்டி ஏற்றிய வீடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. தோப்புக்காரருக்கு நிவாரணம் மரக் கணக்கில் வந்தது. தேங்காய் உரித்துப் பிழைத்தவனுக்கு மரம் ஏது? அந்தப் புயலுக்குப் பிறகு டெல்டாப் பகுதியில் ஒரு சிறுவனை 36,000 ரூபாய்க்கு வேலைக்கு அடகு வைத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. படித்தவர்கள் பெற்றோரைத் திட்டினார்கள். 1929-க்கு முந்தைய அந்த மானிய நிலத்தின் கதையும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. வீட்டைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைக் கொடுப்பது.

சரி, அந்தக் கிழவியின் வீட்டு முனையில் கயிற்றை எப்படி அறுப்பது? அதற்கும் வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு. 2022 முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறமானால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்கும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பணம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கும் அந்தத் திண்ணைக்கும் நடுவில் ஒரு காடு இருக்கிறது. அந்தக் காட்டுக்குப் பெயர் சான்றிதழ்.

அப்பா இறந்ததற்குச் சான்று இருந்தால்தான் பிள்ளை தகப்பனில்லாத பிள்ளை. இறப்பை எங்கே நடந்ததோ அங்கேதான் பதிய வேண்டும். அவன் விழுந்தது கேரளத்தில். பதியவில்லை. ஓராண்டு கடந்துவிட்டதால் அங்கே வருவாய் அதிகாரியின் ஆணை வேண்டும். அதற்குக் காவல் நிலைய அறிக்கை, மருத்துவமனைக் குறிப்பு. எந்த மருத்துவமனை என்று கிழவிக்குத் தெரியாது. மேஸ்திரியின் பழைய கைப்பேசி எண் ஒரு பீடி அட்டையில் எழுதி வைத்திருந்தது, அதில் ஓர் எண் அழிந்துபோயிருந்தது. எங்கள் அமைப்பில் வேலை செய்யும் தம்பி ஒருவன் பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஆளைப் பிடித்தான். மூன்று முறை ரயிலேறிப் போனான். முதல் முறை அதிகாரி விடுப்பு. இரண்டாம் முறை ஆதாரில் இருந்த பெயருக்கும் மருத்துவமனைக் குறிப்பில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். மூன்றாம் முறை கிடைத்தது. அதன்பிறகு வாரிசுச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், பையனின் ஆதாரில் கைரேகை, பள்ளியில் மறுசேர்க்கை. எல்லாம் முடிய எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. ஊர்த் தலைமையாசிரியை ஒருவர் அரிசி வாங்கிப் போட்டார், யாருக்கும் சொல்லாமல்.

தொண்டு நிறுவனம் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நடக்கிறது. முக்கால்வாசி நடை, கால்வாசி காத்திருப்பு. கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, படம் எடுத்து மாட்ட ஒன்றும் இல்லை. ஒரு பையனுக்காக ஒருவன் மூன்று முறை பாலக்காட்டைத் தாண்டினான் என்பதை எந்த ஆண்டறிக்கையில் எப்படி அச்சடிப்பது?

1098-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996-இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா என்ற அம்மையார், தெருப்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய தொலைபேசிச் சேவை அது. பிறகு நாடெங்கும் பரவி, மாவட்டந்தோறும் ஒரு தொண்டு நிறுவனம் அதை நடத்தியது. 2023-இல் அதை அரசே நேரடியாக எடுத்துக்கொண்டு, 112 அவசர எண்ணோடு இணைத்தது. குழந்தையின் பொறுப்பு அரசுடையது, அரசு எடுத்துக்கொண்டதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த ஊரில் எந்த டீக்கடைக்காரர் நம்மை நம்பிக் கூப்பிடுவார், எந்தச் சந்தையில் எந்தத் தரகர் வருவார் என்ற அறிவு கோப்பில் ஏறுவதில்லை. அது பல வருடம் நடந்த கால்களில் இருக்கிறது. அந்தக் கால்களை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்று பொறுப்பில் இருப்பவர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கோபிக்காமல் கேளுங்கள். பிறந்தநாள், நினைவுநாள், கல்யாண நாள் என்றால் காப்பகத்துக்குச் சாப்பாடு போடுகிறோம். நல்ல மனசு, சந்தேகமில்லை. நான் காப்பகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று குடும்பம் சாப்பாடு கொண்டுவந்துவிட்டது. பிள்ளைகள் மூன்று முறை வரிசையில் உட்கார்ந்து, மூன்று முறை கை கூப்பி, மூன்று முறை வாழ்த்துப் பாட்டுப் பாடின. கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண். இலையில் வைத்த லட்டைச் சாப்பிடாமல் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டது. எதற்கம்மா என்றேன். "அம்மா வந்தா குடுக்கலாம்னு." அந்த அம்மா மாதத்துக்கு ஒருநாள் விராலிமலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். பஸ் காசு இல்லாத மாதம் வர மாட்டாள். அந்த மூன்று சாப்பாட்டில் ஒன்றின் செலவு இருந்தால், அந்த அம்மாவின் வீட்டுக்கு மூன்று மாத வாடகை. பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும். லட்டை ஒளிக்க வேண்டியிருந்திருக்காது.

காப்பகமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடே ஆபத்தாகிப்போன பிள்ளைகள் உண்டு. கூடப் பிறந்தவனால், பெற்றவனால் கெடுக்கப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பூட்டுப் போட்ட கதவும், நல்ல விளக்கும், மாறாத ஒரு முகமும் வேண்டும். ஔவை இல்லம் போன்றவை அன்று இல்லாதிருந்தால் அந்த நாமக்கல் சிறுமிகள் எங்கே போயிருப்பார்கள்? கதவு வேண்டும். அந்தக் கதவு வரைக்கும் வரவேண்டிய தேவையே இல்லாத பிள்ளைகளை வழியிலேயே வீட்டுக்குத் திருப்புகிற ஆளும் வேண்டும். ஐயா, இந்த அறக்கட்டளையின் வட்டியில் ஒரு பகுதியை நீங்கள் அந்த ஆளுக்கு ஒதுக்க முடியுமா? ரயில் கட்டணம், ஜெராக்ஸ் செலவு, மாதச் சம்பளம். கல்வெட்டில் பொறிக்க அழகாக இருக்காது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

அந்தப் பையனின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது.

எல்லாச் சான்றும் வந்த பிறகு வங்கிக் கணக்கு. பிள்ளை பேரிலும் பாதுகாவலர் பேரிலும் சேர்த்துத் தொடங்க வேண்டும். அப்பத்தாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தேன். அவர் ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். உள்ளே மகனின் இறப்புச் சான்று, பிளாஸ்டிக் உறை போட்டு. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதை எடுத்து என் மடியில் வைத்து, "இதுல அவன் பேரு எங்கன இருக்கு தாயி?" என்று கேட்டார். மேலே மலையாளம், கீழே ஆங்கிலம். இரண்டும் அவருக்குத் தெரியாத எழுத்து. நான் விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் அவரும் விரலை வைத்தார். புதுக்கோட்டை பஸ் நிலையம் வரும்வரை எடுக்கவில்லை.

வங்கியில் கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார், பழக்கத்தில் மைப்பெட்டியை முன்னால் தள்ளினார். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "பேனாவக் குடு ஆத்தா" என்றார்.

முப்பது வருடம் ஆகியிருந்தது. முதல் எழுத்து கோட்டுக்கு மேலே போய்விட்டது. நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் பெயரின் ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டார். பக்கத்தில் பேரன் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.